குவாலோவா: மாடு மேய்ந்த கரையில் குதிரைச் சவாரி

ஹவாய்த் தீவுகளுள் மக்கள் மிகுதியாக வாழும் ஓவாஹுவின் கிழக்குக் கரையில், கானியோஹே விரிகுடாவின் வட எல்லையாக நிற்கும் நிலமுனையை ஒட்டி, குவாலோவா என்ற மாட்டுப் பண்ணை இருக்கிறது. அதன் பரப்பு சுமார் 4,000 ஏக்கர். மேற்கே கூலாவ் மலைத்தொடர் செங்குத்தான பச்சை மடிப்புகளாக எழுந்து நிற்கிறது. கிழக்கே, சாலையைக் கடந்தால், பசிபிக் பெருங்கடல். இன்று அங்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மாடுகளைப் பார்க்க வருவதில்லை. குதிரைச் சவாரிக்கும், கரடுமுரடான மலைப்பாதைகளில் ஓடும் திறந்த வண்டிகளுக்கும், திரைப்படங்கள் எடுக்கப்பட்ட பள்ளத்தாக்கைக் காண்பதற்கும் வருகிறார்கள். நானும் சவாரிக்காகத்தான் அங்கு சென்றேன். திரும்பி வந்தபின் அந்த நிலத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, குதிரையின் மீது அமர்ந்து பார்த்த ஒவ்வொரு இடத்துக்கும் அடியில் வேறொரு காலம் இருந்ததை உணர்ந்தேன். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கையில் ஓர் எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது. 1850க்குப் பின் அந்த நிலம் எதை விளைவித்தாலும், அதற்குரிய விலை கடலுக்கு அப்பால்தான் முடிவாகியிருக்கிறது. சர்க்கரைக்கும் அதுவே நேர்ந்தது, மாட்டுக்கும் அதுவே, இப்போது சவாரிக்கும் அதுவே. அங்கேயே வாழ்ந்தவர்களுக்குச் சோறு போட்டது இவை மூன்றுக்கும் முந்தைய ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனெனில் பண்ணையின் வரலாற்றை ஒரு மருத்துவர் நிலம் வாங்கிய நாளிலிருந்து சொல்லும் வழக்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஹவாய் மக்கள் தங்கள் தீவுகளை அஹுபுவா என்ற நிலக்கூறுகளாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு கூறும் மலை முகட்டில் தொடங்கி, ஓடை வழியே இறங்கி, கடலின் பவளத்திட்டு வரை நீளும். மேலே மரமும், நடுவே சேம்பு வயலும், கீழே மீனும் ஒரே சமூகத்தின் கைக்குள் இருக்கும்படி அமைந்த ஏற்பாடு அது. குவாலோவா அத்தகைய ஒரு கூறு. அதன் இருபுறமும் உள்ள ஹகிபூ, காஆவா ஆகியவையும் அத்தகையவையே. இன்றைய பண்ணை இம்மூன்று பள்ளத்தாக்குகளிலும் பரந்திருக்கிறது.

ஆனால் குவாலோவா மற்றவற்றைப் போன்ற ஒரு விளைநிலமாக மட்டும் கருதப்பட்டதில்லை. தலைவர்களின் பிள்ளைகள் அங்கு வளர்க்கப்பட்டுப் பயிற்சி பெற்றார்கள்; குற்றம் புரிந்தவரும் போரில் தோற்றவரும் அடைக்கலம் தேடும் இடமாகவும் அது இருந்தது; கரையைக் கடந்து செல்லும் படகுகள் மரியாதைக்காகப் பாய்களைத் தாழ்த்தின என்று மரபு கூறுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓவாஹுவின் அரசராகக் காஹஹானா தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவரை வளர்த்த மாவுய்த் தீவின் அரசர் காஹெகிலி, கைம்மாறாகக் குவாலோவாவையும், கரை ஒதுங்கும் திமிங்கிலத் தந்தத்தின் மீதான உரிமையையும் கேட்டார். தலைமைப் பூசாரி காஓபுலுபுலு, அவற்றைக் கொடுப்பது நாட்டையே கொடுப்பதற்கு ஒப்பாகும் என்று எச்சரிக்கவே, அரசர் மறுத்துவிட்டார். பின்னர் காஹெகிலி சூழ்ச்சியால் அரசரையும் பூசாரியையும் பிரித்து, 1783ஆம் ஆண்டளவில் படையெடுத்து வந்து தீவைக் கைப்பற்றினார். சில நூறு ஏக்கர் கடற்கரைச் சமவெளி ஒரு நாட்டின் இறைமைக்குச் சமமாக மதிக்கப்பட்டது என்பதை, அந்தச் சமவெளி விற்கப்பட்ட விலையைப் படிக்கும்போது நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஹகிபூவுக்கும் குவாலோவாவுக்கும் இடையே கடலை ஒட்டி மோலீ என்ற மீன்குளம் இருக்கிறது. பரப்பு சுமார் 125 ஏக்கர். எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கல்லடுக்கிக் கட்டப்பட்டது என்று கருதப்படும் அதன் கரை, இன்றும் நீரைத் தாங்கி நிற்கிறது. கடலையும் குளத்தையும் இணைக்கும் வாய்களில், நம் ஏரி மதகின் இடத்தில், நெருக்கமாகக் கட்டிய கழிகளாலான தட்டிகள் பொருத்தப்பட்டிருந்தன. நீர் ஏறும்போது மீன்குஞ்சுகள் தட்டியின் இடுக்கு வழியே உள்ளே நுழையும். நன்னீரும் உப்பு நீரும் கலந்த குளத்தில் பாசியைத் தின்று கொழுக்கும். பருத்த பிறகு அதே இடுக்கு வழியே வெளியேற முடியாது. மடவையும் பால்கெண்டையும் அவ்வாறு வளர்ந்தன. தீவனம் போட வேண்டியதில்லை, வலையோடு ஆழ்கடலுக்குச் செல்ல வேண்டியதில்லை, கொந்தளிப்பான மாதங்களிலும் உணவு உறுதி. குவாலோவாவில் மனிதர் உருவாக்கியவற்றுள் எனக்கு மிகவும் வியப்பளித்தது இந்தக் குளம்தான். பண்ணை, ஆலை, விமான ஓடுதளம் ஆகிய அனைத்தையும்விட அது மூத்தது. அவற்றுள் சில அழிந்த பின்னும் அது பயன்பாட்டில் இருக்கிறது.

மாடு அந்த மண்ணுக்கு உரிய விலங்கு அல்ல. ஆங்கிலேயக் கடற்பயணி ஜார்ஜ் வான்கூவர் 1793லும் 1794லும் கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்த மாடுகளை அரசர் முதலாம் கமேஹமேஹாவுக்குப் பரிசாக அளித்து, அவை பெருகும்வரை பத்தாண்டுகளுக்கு யாரும் கொல்லக் கூடாது என்று தடை விதிக்கும்படி கேட்டுக்கொண்டார். அரசரும் அவ்வாறே ஆணையிட்டார். வேட்டையாடும் விலங்கு எதுவும் இல்லாத தீவில், தடையின் பாதுகாப்பில், அவை கட்டுக்கடங்காமல் பெருகின. சேம்பு வயல்களை மிதித்தன, வீட்டுக் கூரைகளின் புல்லைத் தின்றன, மலைக்காடுகளின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்த்தன. மக்கள் கற்சுவர் எழுப்பித் தற்காத்துக்கொண்டார்கள். திமிங்கில வேட்டைக் கப்பல்கள் ஹவாய்த் துறைகளுக்கு வரத் தொடங்கியதும் உப்பிட்ட மாட்டிறைச்சிக்கும் தோலுக்கும் கொழுப்புக்கும் விலை கிடைத்தது, மாடு செல்வமாயிற்று.

குதிரை 1803இல் வந்தது. ஆயினும் குதிரையேறி மாடு பிடிக்கும் தொழில், மூன்றாம் கமேஹமேஹா 1830களின் தொடக்கத்தில் அன்றைய மெக்சிகோவின் பகுதியாக இருந்த கலிபோர்னியாவிலிருந்து மாட்டுக்காரர்களை வரவழைத்த பிறகே வேரூன்றியது. அவர்களிடம் கற்ற ஹவாய் இளைஞர்கள் பனியோலோ என்று அழைக்கப்பட்டார்கள். பச்சைத் தோலை வாராக அறுத்துப் பின்னிய சுருக்குக் கயிறு, மர வடிவத்தின் மீது தோல் போர்த்திய சேணம், மழைக்கும் பாறைக்கும் ஏற்ற உடை என்று தங்களுக்குரிய முறையை அவர்கள் வளர்த்தெடுத்தார்கள். 1908இல் வயோமிங் மாநிலத்தின் ஷையன் நகரில் நடந்த போட்டியில், ஹவாயின் இகுவா பர்டி என்ற பனியோலோ காளையைச் சுருக்கிட்டு வீழ்த்துவதில் உலக வாகையர் பட்டம் வென்றார். சவாரிக்கு வருகிறவர்கள் சேணத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பை, விழாமல் இருப்பதற்கான பிடி என்றே நினைத்துப் பற்றிக்கொள்கிறார்கள். அது கயிற்றின் மறுமுனையைச் சுற்றி, ஓடும் மாட்டின் இழுப்பைக் குதிரையின் உடல் தாங்கும்படி செய்வதற்காக வைக்கப்பட்ட உறுப்பு. இதை வழிகாட்டிகள் அனைவரும் சவாரிக்கு முன் ஒரு வரியிலேனும் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

நிலம் வாங்கிய மருத்துவர் என்று தொடக்கத்தில் நான் குறிப்பிட்டவர், நியூயார்க் மாநிலத்தில் பிறந்த கெரிட் ஜட். 1828இல் கிறித்தவ மறைப்பணிக் குழுவோடு ஹவாய்க்கு வந்தவர். மொழியை நன்கு கற்று, 1842இல் மறைப்பணியை விட்டு மூன்றாம் கமேஹமேஹாவின் அரசுப் பணியில் சேர்ந்தார். ஹவாயின் குடிமகனாகவும் ஆனார். 1843இல் பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றின் தலைவர் ஜார்ஜ் பாலெட் தீவுகளைக் கைப்பற்றியபோது, அரச ஆவணங்களைப் பறிகொடுக்காமல் அரச குடும்பத்தின் கல்லறை மாடத்துக்குள் எடுத்துச் சென்று, அரசி காஅஹுமானுவின் சவப்பெட்டியை மேசையாகக் கொண்டு, இரவில் விளக்கொளியில் முறையீட்டு மடல்களை எழுதியவர் அவர். சில மாதங்களில் இறைமை மீண்டது. அரசர் அவரிடம் வைத்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது.

அதே அரசரின் காலத்தில், 1848இல், மாஹேலே என்ற நிலப் பிரிவினை நடந்தது. யாரும் விற்கவோ வாங்கவோ இயலாத பொது நிலம், அரசருக்கும் தலைவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் உரிய தனி உடைமையாகப் பிரிக்கப்பட்டது. உழுது வாழ்ந்த எளிய மக்களுக்கு உரிமை கோரும் வாய்ப்பு சட்டத்தில் இருந்தது. ஆனால் அளவைக் கட்டணம், சாட்சி, எழுத்துப் பத்திரம் ஆகிய புதிய நடைமுறைகளைக் கடந்து அவர்கள் கையில் இறுதியில் சேர்ந்தது சுமார் 28,600 ஏக்கர் மட்டுமே. மொத்த நிலத்தில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 1850இல் குவாலோவாவின் 622 ஏக்கரை அரசர் ஜட்டுக்கு 1,300 டாலருக்கு விற்றார். கரைக்கு எதிரே கூம்பு வடிவில் நிற்கும் மொகொலீ என்ற சிறு தீவும், கரையோர மீன்பிடி உரிமையும் விற்பனையில் அடங்கின.

ஜட்டை ஏமாற்றுக்காரராகக் காட்டுவது எளிது. அது உண்மையாகாது என்பது என் கருத்து. தன்னை ஏற்றுக்கொண்ட நாட்டுக்கு அவர் உழைத்தார். ஆயினும் நிலத்தை விற்கத்தக்க பொருளாக்கிய அரசாங்கத்தின் முக்கிய அமைச்சராக இருந்தவரே, அந்த மாற்றத்தின் முதல் பயனாளிகளுள் ஒருவராகவும் இருந்தார். குவாலோவாவின் சேம்பு வயல்களில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்களும் அன்று அங்கே இருந்தார்கள். தொற்றுநோய்களால் ஹவாய் மக்களின் எண்ணிக்கை சரிந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. 1853இன் பெரியம்மை ஓவாஹுவில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று; அதைக் கையாண்ட விதம் குறித்து எழுந்த எதிர்ப்பால் ஜட் பதவியை இழந்தார்.

அவருடைய மகன் சார்லஸ் ஜட் 1860இல் காஆவாவில் 2,200 ஏக்கரை வாங்கினார்; பின்னர் ஹகிபூவிலும் நிலம் சேர்ந்து, இன்றைய 4,000 ஏக்கர் உருவாயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் மூண்டு, லூசியானாவின் சர்க்கரை வடமாநிலங்களுக்குச் செல்வது தடைப்பட்டதும் விலை ஏறியது. சார்லஸும் அவருடைய மைத்துனர் சாமுவேல் வைல்டரும் குவாலோவாவில் கரும்பு நட்டு, 1860களின் நடுவில் ஆலை கட்டினார்கள். போர் முடிந்தது, விலை இறங்கியது, மழையும் பொய்த்தது. வைல்டரின் மகன், சிறுவன், கொதிக்கும் பாகுக் கொப்பரையில் விழுந்து இறந்தான். 1871 அளவில் ஆலை மூடப்பட்டது. அமெரிக்காவுக்குச் சுங்கமின்றிச் சர்க்கரை அனுப்ப வழிசெய்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1876இல். அதன்பின் தீவுகள் முழுவதும் கரும்பு பரவியது. குவாலோவா ஐந்தாண்டு முந்திக்கொண்டு தோற்றது. ஆலையின் கற்சுவர்களும் புகைபோக்கியும் இன்றும் கமேஹமேஹா நெடுஞ்சாலையின் ஓரத்தில் இடிபாடாக நிற்கின்றன. பேருந்தில் செல்கிறவர்கள்கூடக் காணலாம்.

இந்தச் சார்லஸ் ஜட் பின்னர் அரசர் காலகாவாவின் அரண்மனை அலுவலராகி, 1881இல் அரசர் உலகைச் சுற்றியபோது உடன் சென்றார். ஜப்பான், சீனா, சயாம், சிங்கப்பூர், பர்மா வழியாக வந்த அந்தச் சிறு குழு, கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு இரயிலில் இந்தியாவைக் கடந்தது. தோட்டங்களுக்கு வேலையாட்களைத் தேடுவதும் அந்தப் பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று. குவாலோவாவில் நிலம் வைத்திருந்த ஒருவர் நம் நாட்டின் வழியே பயணம் செய்திருக்கிறார் என்பதைப் படித்தபோது, தொலைவிலிருந்த கதை சற்றே அருகில் வந்ததாகத் தோன்றியது.

ஆலை மூடிய பின் நிலம் பெரும்பாலும் மேய்ச்சலுக்கே விடப்பட்டது. சார்லஸின் மகள் ஜூலியா ஜட் ஸ்வான்ஸி பண்ணையைக் காத்தார். ஹவாயின் பண்பாட்டையும் மொழியையும் பேணுவதற்காக 1903இல் ஹவாயின் புதல்வியர் என்ற அமைப்பைத் தொடங்கிய பெண்களுள் அவரும் ஒருவர். 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்குவதற்குச் சில நிமிடங்களுக்கு முன், குவாலோவாவுக்கு எதிர்க்கரையில் இருந்த கானியோஹே கடற்படை விமானத் தளத்தைத் தாக்கின. அதன்பின் இராணுவம் குவாலோவாவை எடுத்துக்கொண்டு, கடற்கரைச் சமவெளியில் விமான ஓடுதளம் அமைத்தது. மலைச்சரிவைக் குடைந்து பேட்டரி கூப்பர் என்ற பீரங்கி அரணைக் கட்டியது. போர் முடிந்து நிலம் திரும்பக் கிடைத்தபோது அரண் மலைக்குள்ளேயே இருந்தது. இன்று அதனுள் திரைப்படப் பொருட்களின் காட்சிக்கூடம் இருக்கிறது.

மாட்டு வளர்ப்பு ஏன் போதவில்லை என்ற கேள்விக்கான விடை, தீவின் கணக்கில் இருக்கிறது. ஹவாயில் புல் உண்டு. தானியத் தீவனம் இல்லை. மாட்டைக் கொழுக்க வைக்கத் தேவையான தானியத்தைக் கப்பலில் கொண்டுவருவதைவிட, கன்றுகளைக் கப்பலேற்றி அமெரிக்கப் பெருநிலத்துக்கு அனுப்பி அங்கே கொழுக்க வைப்பது மலிவாக முடிகிறது. ஆகவே தீவில் பிறந்த கன்றுகளில் பெரும்பகுதி கடல் கடந்து போகிறது. தீவில் உண்ணப்படும் மாட்டிறைச்சியில் பெரும்பகுதி கடல் கடந்து வருகிறது. மறுபுறம் 1959இல் ஹவாய் அமெரிக்க மாநிலமானதும் ஜெட் விமானங்கள் வந்தன, சுற்றுலா பெருகியது, ஓவாஹுவில் கடல் தெரியும் நிலத்தின் மதிப்பு, அதன்மீது மேயும் மாடு எந்நாளும் ஈட்ட முடியாத உயரத்துக்குச் சென்றது. அத்தகைய நிலத்தை வைத்திருப்பவருக்கு முன்னால் இருந்த எளிய வழி, அதைத் துண்டுகளாக்கி வீட்டு மனையாகவோ விடுதியாகவோ விற்பது. தீவின் பல கடற்கரைகளில் அதுவே நடந்தது.

குவாலோவாவின் கடற்கரை முனை 1970களில் ஹொனலுலு நகர நிர்வாகத்தின் பொதுப் பூங்காவாயிற்று. 1974இல் குவாலோவா அஹுபுவா, அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 1975 மார்ச் 8 அன்று ஹொக்குலேயா என்ற இரட்டைப் படகு இங்கிருந்து கடலில் இறக்கப்பட்டது. மறுஆண்டு அது கருவிகளின்றி, விண்மீன்களையும் அலைகளையும் கொண்டே திசையறிந்து, தாஹிட்டியை அடைந்தது. படகுகள் பாய் தாழ்த்திச் சென்ற கரையிலிருந்து ஹவாய் மக்களின் கடலோடும் கலை மீண்டும் புறப்பட்டது தற்செயலாக அமைந்ததன்று. இடத்தின் பெருமையை அறிந்தவர்களே அதைத் தேர்ந்தார்கள்.

பண்ணையை நடத்திவந்த ஜட் வழித்தோன்றல்களான மோர்கன் குடும்பத்தினர், 1980களில் பார்வையாளர்களுக்குக் குதிரைச் சவாரியைத் திறந்துவிட்டார்கள். பண்ணையில் குதிரை ஏற்கெனவே இருந்தது, பாதையும் இருந்தது, மாட்டை ஓட்டத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். புதிதாகத் தேவைப்பட்டது பொறுமையான குதிரைகளும், சேணத்தில் ஒருநாளும் அமர்ந்திராதவரை ஏற்றி இறக்கும் பயிற்சியுமே. 1992 செப்டம்பரில் இனிகி புயல் கவாய்த் தீவைச் சூறையாடியதால், அங்கே நடந்துகொண்டிருந்த ஜுராசிக் பார்க் படப்பிடிப்பு தடைப்பட்டு, டைனோசர் மந்தை ஓடிவரும் காட்சி காஆவா பள்ளத்தாக்கில் எடுக்கப்பட்டது. படம் 1993இல் வெளியான பின் அந்தப் பள்ளத்தாக்கை உலகமே அடையாளம் கண்டுகொண்டது. சவாரிக்கு இருந்த தேவை அதன்பின் எந்த அளவுக்கு மாறியது என்பதை, வாகனங்கள் நிறைந்த நிறுத்துமிடத்தைப் பார்த்தாலே ஊகிக்கலாம்.

சவாரி மெதுவாகத்தான் நடக்கிறது. குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக, முன்னதன் வாலைப் பின்னது முகரும் தொலைவில் செல்கின்றன. விரைந்து ஓட அனுமதி இல்லை. சவாரி செய்பவரின் எடைக்கு வரம்பு உண்டு. எனக்குத் தரப்பட்ட குதிரை, வழிகாட்டி நிற்கும் இடங்களில் என் கட்டளைக்குக் காத்திராமல் தானே நின்றது. அந்த நடையில் பள்ளத்தாக்கை நின்று நிதானித்துப் பார்க்க முடிந்தது. மலையின் மடிப்புகளில் மேகம் இறங்கி மழையாகிச் சில நிமிடங்களில் விலகுவதையும், கீழே உண்மையான மாடுகள் மேய்வதையும், அப்பால் மீன்குளத்தின் கரை நேர்கோடாகக் கடலைப் பிரிப்பதையும் கண்டேன். வழியெங்கும் எங்களுக்குக் காட்டப்பட்டவற்றில் திரைப்படக் காட்சிகள் எடுக்கப்பட்ட இடங்களே மிகுதி. காஹஹானாவின் மறுப்பைப் பற்றியும், 622 ஏக்கரைப் பற்றியும் அன்று யாரும் பேசவில்லை.

இங்கே என் நிலைப்பாட்டைத் தெளிவாகக் கூற வேண்டும். சவாரி அந்த நிலத்தைக் கெடுத்துவிட்டது என்று நான் எண்ணவில்லை. சவாரியின் வருமானம் இல்லாவிட்டால் காஆவா பள்ளத்தாக்கில் இன்று புல்வெளிக்குப் பதில் வீடுகள் இருந்திருக்கும் என்றே நம்புகிறேன். வீடாகிப்போன நிலம் எந்த நூற்றாண்டிலும் சேம்பு வயலாகத் திரும்புவதில்லை. ஆனால் சுற்றுலாவும் கரும்பைப் போலவே வெளியூரின் விலையை நம்பி வாழ்வது. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது ஹவாய்க்கு வரும் விமானங்கள் ஏறத்தாழ நின்றுபோனதும், தீவுகளின் சுற்றுலாத் தொழில் சில வாரங்களில் முடங்கியதை உலகம் கண்டது. தனக்கு வேண்டிய உணவில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் கப்பலில் பெறும் மாநிலம் அது.

அதனால்தான் குவாலோவாவில் இப்போது சவாரியின் மறுபக்கத்தில் நடக்கும் வேலைகளைப் பெரிதும் மதிக்கிறேன். பண்ணையின் மாடுகள் புல்லிலேயே வளர்ந்து, அவற்றின் இறைச்சி தீவிலேயே விற்கப்படுகிறது. மோலீ குளத்தில் சிப்பி வளர்க்கிறார்கள். வாழை, பப்பாளி, கொக்கோ, சேம்பு பயிராகின்றன. சவாரிக்குச் செலுத்தும் கட்டணத்தின் ஒரு பகுதி இவற்றைத் தாங்கி நிற்பதால், அந்தக் கட்டணத்தை நான் குறை கூற மாட்டேன். அங்கு செல்லும் தமிழ் வாசகர்கள் திரைப்பட இடங்களைக் காட்டும் வண்டியை மட்டும் தேர்ந்தெடுக்காமல், மீன்குளத்துக்குப் படகில் அழைத்துச் செல்லும் பயணத்தையும் கேட்டுப் பெற வேண்டும். பண்ணை நிர்வாகம் குதிரைப் பாதையின் ஏதேனும் ஒரு நிறுத்தத்தில் படக்காட்சியைப் பற்றிப் பேசுவதை விட்டு, அந்த நிறுத்தத்திலிருந்து தெரியும் குளத்தையும், அதைக் கட்டியவர்களையும், அவர்களுடைய நிலம் கைமாறிய விதத்தையும் பற்றிச் சில நிமிடங்கள் பேசலாம். குதிரைகள் எப்படியும் அங்கே நிற்கின்றன.